பொத்தான் சொன்ன ‘கட்’

பயமுறுத்துவதற்கென்றே பிறந்தவள் என்று பின்னாளில் பத்திரிகைகள் அவளைப் பற்றி எழுதின. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. மாத்திரைக் கம்பெனியில் ஆறு வருஷம் அட்டை பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். கண்ணுக்கு முன்னால் அட்டைகள் ஊர்ந்து போகும். ஒவ்வொன்றிலும் பத்துக் குழி. ஒரு குழி காலியாக இருந்தாலும் அந்த அட்டையைப் பொறுக்கி ஓரமாகப் போட வேண்டும். அதுதான் வேலை, காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை.

கம்பெனியை இழுத்து மூடிய பிறகு அக்கா வீட்டிலேயே முடங்கிக் கிடந்தாள். அக்கா புருஷன் ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் லைட்மேன். அவர்தான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்.

“எங்க யூனிட்ல கன்டினியூட்டி பாக்க ஆள் தேடுறாங்க. முன்னாடி ஷாட்டுல கப்பு வலது கையில இருந்தா, அடுத்த ஷாட்டுலயும் வலது கையிலதான் இருக்கணும். அதைக் குறிச்சு வைக்கிற வேலை. நீதான் வீட்டுல கரண்டி இடம் மாறினாக்கூட கண்டுபிடிக்கிறியே.”

அத்தான் சொன்னதும் போய்ச் சேர்ந்தாள். ஒரு நோட்டு, ஒரு பென்சில், கழுத்தில் நேரம் பார்க்கிற ஸ்டாப் வாட்ச். அவ்வளவுதான் அவளுடைய ஆயுதம்.

அந்த யூனிட்டின் டைரக்டரை எல்லோரும் பெரியவர் என்றே கூப்பிட்டார்கள். பேய்ப் படம், விண்வெளிப் படம், பிணம் எழுந்து நடக்கிற படம் எல்லாம் அவர் கைவண்ணம். வேலை தெரிந்தவர், கோபக்காரர். அவள் சேர்ந்த மூன்றாவது வாரம், பேய் துரத்த ஹீரோ ஓடிவருகிற காட்சி. அவள் எழுந்து நின்று, “சார், வீட்டுக்குள்ள போகும்போது சட்டையில ரெண்டாவது பொத்தான் திறந்திருந்துச்சு. இப்போ போட்டிருக்கு,” என்றாள்.

பெரியவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். பாதி நாள் எடுத்த காட்சி வீண். ஹீரோவைப் பார்த்து, “பேய் துரத்தும்போது எவன்யா நின்னு பொத்தான் போடுவான்?” என்று கத்தினார். யூனிட்டே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் பொத்தான்.

ஏழு வருஷம் பொத்தானாக இருந்தாள். அந்த ஏழு வருஷத்தில் அவளுக்கு மனசுக்கு நெருக்கமானவர்கள் என்று யூனிட்டில் இரண்டே பேர். ஒருவர் தவளை. நீச்சல் குளத்தில் காவலாளியாக இருந்தவர். தண்ணீருக்கு அடியில் இரண்டு நிமிஷம் மூச்சடக்குவார். ரப்பர் உடைக்குள் புகுந்துகொண்டு முதலை, புழு, வேற்றுக் கிரகத்து ஜந்து என்று பதினோரு படத்தில் நடித்திருந்தார். ஒரு படத்திலும் முகம் தெரிந்ததில்லை. “என் அம்மாவே என்னைத் திரையில பாத்து ‘ச்சீ’ன்னா, தங்கச்சி,” என்பார். இன்னொருவர் அவருடைய மனைவி, தையல்காரி. அந்த ரப்பர் உடைகளைத் தைப்பது அவள்தான். இடுப்பில் எந்நேரமும் ஒரு பெரிய கத்தரிக்கோல் தொங்கும். பொத்தான் அவரை அண்ணே என்பாள், இவளை அண்ணி என்பாள்.

எட்டாவது வருஷம் பெரியவர் ஒரு படம் தொடங்கினார். நகரத்துக்குக் குடிநீர் தருகிற ஏரியில் வேற்றுக் கிரகத்து உயிர் ஒன்று வளர்கிறது என்று கதை. அதற்காக நிலையத்துக்குள் இரண்டு ஆள் உயரத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். ஒரு பக்கம் கண்ணாடி, வெளியே கேமரா. அந்த உயிருக்கு மூன்றே விரல் என்று பெரியவர் சொல்லியிருந்தார். அதனால் தையல்காரி கையுறையை வேறு மாதிரி தைத்தாள். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி ஒரு தையலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். கடைசி இரண்டு விரலும் ஒரே உறைக்குள் போய்விடும். உடம்பு மிதக்காமல் இருக்க இடுப்பில் ஈயக் கட்டிகள். அவசரம் என்றால் வயிற்றுப் பக்கம் இருக்கிற முடிச்சை இழுத்தால் கட்டிகள் கழன்று விழும், ஆள் மேலே வந்துவிடலாம். ஆபத்து என்றால் வலது கை முஷ்டியைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். பார்த்தவுடன் ‘கட்’ சொல்லி ஆட்கள் குதிப்பார்கள். இதுதான் ஏற்பாடு.

அன்று எடுக்க வேண்டியது கதாநாயகியின் கண் முன்னே அந்த உயிர் வலையில் சிக்குகிற காட்சி. நான்கு டேக் நன்றாகத்தான் போனது. பெரியவருக்குத் திருப்தி இல்லை. தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தவளையிடம் வந்தார்.

“வலைக்குள்ள இருந்துக்கிட்டே அந்தப் பொண்ணைப் பாத்து முஷ்டியை ஓங்கு. ஆத்திரம் தெரியணும்.”

“சார், முஷ்டியைத் தூக்குனா ஆபத்துன்னுதானே பேசியிருக்கோம்?”

“சரி, ஆபத்துன்னா ரெண்டு கையும் தூக்கு. ஆனா ஆபத்தெல்லாம் வராதுப்பா.”

பொத்தான் இதை நோட்டில் எழுதினாள். எழுதிய கை அப்படியே நின்றது. நான்கு டேக்கிலும் இடது கை வலையில்தான் மாட்டியிருந்தது. மாட்டிய கையை எப்படித் தூக்குவது? எழுந்து போய், “சார், ஒரு கை வலைக்குள்ள இருக்குமே?” என்றாள்.

பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பொத்தான், நீ பொத்தானைப் பாரு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தவளையும் சிரித்துக்கொண்டே முகமூடியை மாட்டிக்கொண்டார். அவள் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்து வாட்சைக் கையில் எடுத்தாள்.

ஐந்தாவது டேக் தொடங்கியது. முப்பது செகண்டு ஓட வேண்டிய ஷாட். பத்தாவது செகண்டில் வலை விழுந்தது. பதினைந்தில் முஷ்டி உயர்ந்தது, சொன்னபடியே ஆத்திரம். இருபதில் உடம்பு ஒரு சுற்றுச் சுற்றியது. வலையும் சேர்ந்து சுற்றி வயிற்றை இறுக்க, அடக்கி வைத்த மூச்செல்லாம் குமிழிகளாக வெளியே போனது. இருபத்தைந்தில் வலது கை வயிற்றுப் பக்கம் எதையோ தேடிப் பிறாண்டியது. மறுபடி முஷ்டி உயர்ந்தது. மறுபடி கை இறங்கியது.

“அடேயப்பா,” என்று கேமராமேன் முணுமுணுத்தார். பெரியவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

இருபத்தொன்பதாவது செகண்டில் அவள் விரல்களை எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

மூன்று விரல் இருக்க வேண்டிய கையில் நான்கு. தப்பு என்று பென்சில் பழக்கதோஷத்தில் நோட்டுக்குப் போய்விட்டது. ‘கட்டைவிரல் தெரிகிறது’ என்று எழுதியும் விட்டாள். எழுதிய பிறகுதான் உறைத்தது. அண்ணி தைத்த தையல் அது. சும்மா பிரியாது. உள்ளே இருக்கிற ஆள் பிய்த்திருக்கிறார். முடிச்சைத் தேடுகிறார், வலை அதை மூடியிருக்கிறது, அதனால் கட்டைவிரல் வேண்டுமென்று கையுறையைக் கிழித்திருக்கிறார்.

“கட்!” என்றாள்.

அந்தத் தளத்தில் ‘கட்’ சொல்ல ஒரே ஒரு வாய்க்குத்தான் உரிமை. எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. யாரும் அசையவில்லை.

“யாருடி அது? ஓடட்டும், நிறுத்தாத!” பெரியவர் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கத்தினார். “தங்கமா வருது!”

“சார், அவருக்கு மூச்சு முட்டுது!”

“நடிக்கிறான், பேசாம இரு!”

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. தொட்டி மேலே நின்ற இரண்டு நீச்சல்காரர்களும் பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குதித்தால் ஷாட் கெட்டுவிடும். கெட்டால் வேலை போய்விடும். நாற்பத்திரண்டு. அவள் தலையை அண்ணாந்து, விளக்குகள் தொங்கும் மரப் பரணைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

“அத்தான்! லைட்டை அணைங்க! எல்லாத்தையும் அணைங்க!”

மேலே அத்தான் கீழே எட்டிப் பார்த்தது அவளுக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷ வேலை அவருக்கு. ஓடுகிற ஷாட்டில் விளக்கை அணைத்தவன் என்று ஒரு பெயர் வந்தால் எந்த நிலையத்திலும் கால் வைக்க முடியாது. நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு.

டக்கென்று தளம் முழுக்க இருட்டானது.

இருட்டில் கேமராவுக்கு வேலை இல்லை. ஷாட் செத்துப்போனதும் நீச்சல்காரர்களுக்குத் துணிச்சல் வந்தது. தண்ணீரில் இரண்டு உடம்பு விழும் சத்தம் கேட்டது. யாரோ பக்கத்துக் கதவைத் திறக்க, வெயில் நீளமாக உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தில்தான் தையல்காரி ஓடிவந்தாள். தொட்டி ஓரத்தில் இழுத்துப் போட்ட ரப்பர் உருவத்தைப் புரட்டி, பிடரியில் கத்தரிக்கோலைக் குத்தி, உச்சிவரை ஒரே கிழியாகக் கிழித்தாள். உள்ளேயிருந்து நீலம் பாரித்த ஒரு முகம் வெளியே வந்தது. நீச்சல்காரர் ஒருவர் நெஞ்சை அழுத்தினார். நிறுத்தாமல் அழுத்தினார். ஸ்டாப் வாட்சை நிறுத்த வேண்டும் என்று பொத்தானுக்குத் தோன்றவே இல்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷம் முப்பத்தாறு செகண்டில் தவளை இருமினார்.

பதினொரு நாள் ஆஸ்பத்திரி. உயிருக்கு ஆபத்தில்லை. இடது காது மட்டும் போய்விட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் அத்தான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அக்கா தட்டை வைத்துக்கொண்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏன் அத்தான் அணைச்சீங்க?” என்று பொத்தானே கேட்டாள். “பெரியவர் சொல்லலையே.”

“இந்த வீட்டுல எட்டு வருஷமா இருக்க. ஒரு நாளாவது நீ சத்தம் போட்டுப் பேசியிருக்கியா?” என்றார் அத்தான். “அதான்.”

மறுநாள் பெரியவர் அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளை அதிகம் கலக்கியது. கூப்பிட்டு உட்காரவைத்து, “நாப்பத்தெட்டு செகண்டு கிடைச்சிருக்கு. என் ஆயுசுக்கும் இப்படி ஒரு ஷாட்டு எடுத்ததில்ல,” என்றார். கண் பளபளத்தது. ஆனால் தொட்டி ஆட்கள், லைட்மேன்கள், ஒப்பனைக்காரர்கள் யாரும் அவரோடு தளத்துக்குள் நுழைய மாட்டோம் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான்கு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் கோபித்துக்கொண்டு வேறு படத்துக்குப் போய்விட்டார்.

இன்னும் பதினேழு காட்சி பாக்கி. எது எப்படி எடுக்கப்பட்டது, எதோடு எது சேரும் என்று முழுசாகத் தெரிந்த ஆள் ஒருத்திதான். படத்தின் முதலாளி அவளைக் கூப்பிட்டார். எந்நேரமும் பெப்பர்மிண்ட் சப்புகிறவர். பேசினால் வாயிலிருந்து குளிர்ச்சியாகக் காற்று வரும்.

“மீதியை நீயே எடுத்துடு. பேரும் உன் பேரே போடலாம். ஒண்ணு மட்டும். அந்த நாப்பத்தெட்டு செகண்டும் முழுசா படத்துல இருக்கணும். ஊரெல்லாம் சொல்லியாச்சு.”

அவள் தலையாட்டினாள். டைரக்டர் ஆகும் ஆசை தனக்குள் இருந்திருக்கிறது என்பதே அந்த நிமிஷம்தான் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் வெட்கமாக இருந்தது.

நேராகத் தவளை வீட்டுக்குப் போனாள். தையல்காரி கதவைத் திறந்தாள். அந்த ஷாட்டைப் படத்தில் சேர்க்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வரத்தான் பொத்தான் போயிருந்தாள். ஆனால் கட்டிலில் சாய்ந்திருந்த தவளை, நல்ல காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, “நான் அதைப் பாக்கணும்,” என்றார்.

“எதுக்குங்க? பொழைச்சது பத்தாதா?” என்றாள் தையல்காரி.

“நான் பாக்கணும்.”

மறுநாள் எடிட்டிங் அறையில் மூவரும். சன்னல் இல்லாத சின்ன அறை, சுவரெல்லாம் தொங்கும் பிலிம் சுருள்கள். பொத்தான் மேசையின் சுவிட்சைப் போட்டாள். சின்னத் திரையில் அந்த உருவம் வலைக்குள் துடிக்கத் தொடங்கியது. தவளை இமைக்காமல் பார்த்தார். தையல்காரி திரையைப் பார்க்கவே இல்லை. கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு புருஷனின் முதுகையே பார்த்தாள். திரை இருண்டது.

“போடு, தங்கச்சி,” என்றார் தவளை. “முழுசா போடு. பதினோரு படம் பண்ணியிருக்கேன். எவனுக்கும் என்னைத் தெரியாது. இதைப் பாத்தா தெரியும்.”

“போட்டா நான் இனிமே ஊசியைத் தொட மாட்டேன்,” என்றாள் தையல்காரி. “யாருக்காகவும்.”

இருவரும் பொத்தானைப் பார்த்தார்கள். அவள் நோட்டைப் புரட்டி ‘கட்டைவிரல் தெரிகிறது’ என்ற வரியைக் காட்டினாள்.

“அண்ணே, வலை சுத்துற இருபதாவது செகண்டு வரைக்கும் நீங்க நடிச்சீங்க. அதை நான் போடுறேன். அதுக்கப்புறம் நடந்தது நடிப்பில்ல. அதுக்கு நான் டைரக்டர் கிடையாது.”

தவளை எழுந்தார். வெளியே போகும்போது கதவை அறைந்து சாத்தினார்.

பதினேழு காட்சியையும் பொத்தான் எடுத்து முடித்தாள். இருபதாவது செகண்டில் ஷாட்டை வெட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கும் கதாநாயகியின் முகத்தை ஒட்டினாள். மீதி இருபத்தெட்டு செகண்டுத் துண்டை, பிலிம் கழுவும் லேபிலிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கிய நெகட்டிவோடு சேர்த்து ஒரு தகரப் பெட்டியில் வைத்து, தவளை வீட்டு வாசலில் தையல்காரி கையில் கொடுத்தாள். “இது அண்ணனோடது. எரிக்கிறதும் வைக்கிறதும் அவர் இஷ்டம்.” அவர் உள்ளேதான் இருந்தார். வெளியே வரவில்லை.

முதலாளி படத்தைப் பார்க்க உட்கார்ந்தபோது அவள் பின்வரிசையில் இருந்தாள். வலைக் காட்சி வந்தது, போனது. சப்புகிற சத்தம் நின்றது. விளக்கைப் போடச் சொன்னார்.

“மீதி எங்க?”

“அவர்கிட்ட இருக்கு, சார்.”

“எவர்கிட்ட?”

“உள்ள இருந்தவர்கிட்ட. வேணும்னா நீங்களே போய்க் கேளுங்க. அவர் குடுத்தா நான் ஒட்டித் தரேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரிந்தது. ‘முழுசா போடு’ என்று கேட்டதே அவர்தானே. கோபத்தில் வேறு இருக்கிறார். முதலாளி ஒரு வார்த்தை கேட்டால் போதும், பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். முதலாளியின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. எடிட்டிங் அறைக்கு வந்து, பிலிம் ஒட்டும் பசைப் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் வந்தது முதலாளி இல்லை, தையல்காரி. நடந்தே வந்திருக்கிறாள், முகமெல்லாம் வேர்வை.

“முதலாளி வந்தாரு. உக்காந்தாரு. இவரும் பெட்டியை எடுத்து மடியில வெச்சுக்கிட்டாரு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சு. குடுக்கப் போறாருன்னே நினைச்சேன். அப்போ இவரு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. ‘சார், அந்த ஷாட்டுல நான் எதுவரைக்கும் நடிச்சேன்னு உங்களுக்குத் தெரியுதா?’ன்னு.”

“அவர் என்ன சொன்னார், அண்ணி?”

“‘எல்லாமே நடிப்புதானேப்பா, அதான் பிரமாதமா இருக்கு’ன்னாரு. இவரு எந்திரிச்சுப் போய்க் கதவைத் திறந்து விட்டுட்டாரு. வெச்ச காபியைக்கூட குடிக்க விடல.”

பொத்தான் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. தையல்காரி பசைப் புட்டியை எடுத்து மூடி வைத்தாள்.

முதலாளி குதித்துப் பார்த்தார். தியேட்டர் தேதியெல்லாம் முடிவாகிவிட்டதால் படத்தை அப்படியே வெளியிட வேண்டியதாயிற்று. சுமாராக ஓடியது. சில ஊர்களில் வலைக் காட்சியில் யாரோ மயங்கி விழுந்ததாகப் பேச்சு. பெரும்பாலும் புழுக்கம்தான் காரணமாக இருக்கும் என்பது அவள் கட்சி.

அதன் பிறகு சொந்தமாக ஒன்பது படம் எடுத்தாள். மூன்று நன்றாக ஓடின, ஒன்று படு தோல்வி, மற்றதெல்லாம் இரண்டும்கெட்டான். அவள் தளத்தில் ஒரு சட்டம் உண்டு: ‘கட்’ யார் வேண்டுமானாலும் சொல்லலாம். டீ கொண்டுவருகிறவர்கூட ஒருமுறை சொன்னார். காரணம் கேட்டபோது, “பாவமா இருந்துச்சுங்க,” என்றார். ஷாட் போனது போனதுதான், அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணீர்க் காட்சி என்றால் தொட்டி மேலே தவளைதான் நிற்பார். ரப்பர் உடையை அவர் மறுபடி மாட்டவே இல்லை. அவளுடைய நான்காவது படத்தில் இரண்டு வரி பேசுகிற தபால்காரராக நடித்தார். முகத்துக்கு நேரே கேமராவை வைத்ததும் ஆள் வெலவெலத்துப் போய், முப்பத்தொரு டேக் வாங்கினார். பெரியவர் அதன் பிறகு நான்கு படம் எடுத்தார். ஒரு விழாவில் எதிர்ப்பட்டபோது, “நான்னா அங்க வெட்டியிருக்க மாட்டேன்,” என்றார். “தெரியும் சார்,” என்றாள் அவள்.

‘ஆக்‌ஷன்’ சொல்லும்போது அவள் கை இன்றும் நடுங்கும். டாக்டர் மாத்திரை கொடுத்தார். அது ரத்த அழுத்தத்துக்குத்தான் கேட்டது, கைக்குக் கேட்கவில்லை. வேலையை விடச் சொல்லி அக்கா சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டாள்.

போன மாதம் அடுத்த படத்துக்கு இடம் பார்க்கப் போயிருந்தாள். கைவிடப்பட்ட பழைய தொலைபேசி நிலையம். வரிசை வரிசையாகத் துருப்பிடித்த அலமாரிகள், அறுந்த கம்பிகள். காவலாளி சாவிக் கொத்தோடு கூடவே வந்தார்.

“இங்க என்ன படம்மா எடுக்கப் போறீங்க?”

“பேய்ப் படம்.”

அவர் நின்று சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். “பதினாலு வருஷமா இருக்கேன். இங்க பேயெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா.”

“பரவாயில்ல, நாங்களே கொண்டு வந்துருவோம்,” என்றாள். “வாசல் இது ஒண்ணுதானா? அந்தப் பக்கம் வெளிய போக வழி இருக்கா?”

“இருக்கு. ஆனா பூட்டியே கிடக்கு.”

“முதல்ல அதைத் திறந்து காட்டுங்க.”